முரசும் முறுவலும்

உடலில் நேரும் புண் ஆறும்; முறிந்த எலும்பு பொருந்தும்; வெட்டிய நகமும் மயிரும் மீண்டும் வளரும். பல்லுக்கு மாத்திரம் இப்பேறு இல்லை. பாற்பல் விழுந்தபின் முளைக்கும் பல்லே மனிதனுக்குக் கிடைக்கும் இறுதிப் பல். அதன் வெளிப்புறத்தை மூடியிருக்கும் மிளிரி, உடலிலுள்ள பொருள்கள் யாவற்றினும் வன்மை மிக்கது. ஆயினும் அதில் உயிருள்ள கலங்கள் இல்லை. ஆதலால் உடைந்தாலோ குழி விழுந்தாலோ அது தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ள வல்லதன்று. பல் வைத்தியத்தின் தத்துவம் முழுவதும் இவ்வோர் உண்மையினின்றே பிறக்கின்றது எனலாம். உள்ளதைக் காப்பது ஒன்று; இழந்ததை ஈடு செய்வது மற்றொன்று; குறையுற்ற தோற்றத்தை அழகுபெறச் செய்வது பிறிதொன்று. இவற்றை முறையே தடுப்புச் சிகிச்சை, சீரமைப்புச் சிகிச்சை, அழகுச் சிகிச்சை என வழங்கலாம்.

நூல்களில் இம்மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்குற வைத்துக் கூறப்படும். முதலிற் காத்தல், காத்தல் தவறியவிடத்துச் சீரமைத்தல், ஈற்றில் அழகுபடுத்தல் என்பதே அவ்வொழுங்கு. மக்களின் வாழ்விலோ அது அவ்வாறே அமைவதில்லை. ஒருவர் இம்மூன்றனுள் எதனை எப்பொழுது சந்திக்கின்றார், எதனைச் சந்திக்காமலே இறக்கின்றார் என்பதை அவரது பற்களைப் போலவே அவர் பிறந்த இடமும் தீர்மானிக்கின்றது. மலையகத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், ஒரே லயத்தின் ஒரே காம்பராவில் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையினரை நோக்குமிடத்து இவ்வுண்மை தெளிவுறும்.

அக்குடும்பத்தின் மூத்தவர் 1945 ஆம் ஆண்டளவிற் பிறந்தவர். சிறு வயதிலேயே பெரட்டுக்களத்துக்கு வந்து, கவ்வாத்து வெட்டியும் கான் வெட்டியும் உழைத்தவர். காலையில் அடுப்புக்கரியைப் பொடித்து விரலாற் பல் விளக்குவார். அவசரமான நாளில் வாய் கொப்புளிப்பதோடு சரி. அவரது பற்களில் வெற்றிலைச் சாயம் ஏறியிருந்ததேயன்றிச் சூத்தை இருந்ததில்லை. ஆயினும் முப்பது வயதைத் தாண்டியதும் அவை ஒவ்வொன்றாக ஆடத் தொடங்கின. யாழ்ப்பாணத்தார் முரசு என்றும் தோட்டத்தார் ஈறு என்றும் கூறும் சதையிலிருந்து இரத்தம் கசிவதை அவர் ஒரு நோயென எண்ணியதில்லை. ஏனெனில் அவரறிந்த எல்லோருக்கும் அது கசிந்தது. ஆடும் பல்லை நாவினால் தள்ளித் தள்ளி இளக்கி, ஒரு நாள் விரலாற் பிடுங்கிக் கானுக்குள் எறிந்துவிடுவார். நாற்பத்தைந்து வயதில் அவருக்கு எஞ்சியவை கீழ்த்தாடையின் முன்பற்கள் நான்கு மாத்திரமே. ரொட்டியைச் சாயத்தண்ணீரில் ஊறவைத்தே உண்டார். “வயசானா பல்லு போகும்தானே” என்பதே அவர் கண்ட விளக்கம். நாற்பத்தைந்து, வயது போன காலமன்று என்பதை அவருக்குச் சொல்வார் இல்லை.

சூத்தையற்ற பல் ஏன் விழுகின்றது? துலக்கப்படாத பல்லின்மீது, சிறப்பாக அது முரசுடன் சேரும் ஓரத்தில், பற்றீரியாக்கள் செறிந்த மெல்லிய படலமொன்று படிகின்றது. உமிழ்நீரிலுள்ள கல்சியம் முதலான கனியுப்புக்கள் அதிற் சேர, அது நாளடைவிற் கல்போல் இறுகிப் பற்காரையாகின்றது. இறுகிய காரையைத் தூரிகையால் அகற்றவியலாது. அதன் கரடுமுரடான மேற்பரப்பிற் புதிய படலம் மேலும் எளிதாகப் படியும். முரசு சிவந்து வீங்கி இரத்தம் கசிவது முதற்படி. பலரில் அழற்சி அத்துடன் நில்லாது ஆழச் சென்று, பல்லைத் தாடையுடன் பிணைக்கும் நார்களையும், அதனைத் தாங்கும் எலும்பையும் மெல்ல அழிக்கின்றது. வேரூன்றி நிற்க மண்ணில்லாத மரம்போலப் பல் ஆடுகின்றது. இந்நோயின் கொடுமை, அது பெரும்பாலும் நோவதில்லை என்பதே. சூத்தைப் பல் இரவில் உறங்கவிடாது. அதனால் மனிதன் வைத்தியரை நாடுகின்றான். முரசு நோயோ ஓசையின்றி வந்து, பல் ஆடிய பின்னரே தன்னை அறிவிக்கின்றது. அதனைத் தடுக்கும் வழியோ மிக எளிது: நாள்தோறும் படலத்தைத் துலக்கி அகற்றுதல், இறுகிய காரையைக் காலத்துக்குக் காலம் வைத்தியர் கருவியாற் சுரண்டி எடுத்தல். கத்தியோ தையலோ பெரும்பாலும் வேண்டுவதில்லை.

இவ்வெளிய உண்மையை விஞ்ஞானம் ஐயமற நிறுவிய வரலாறு சுவையானது. 1965 ஆம் ஆண்டில், நோர்வே நாட்டவரான ஹரால்ட் லோ என்பாரும் அவருடைய சகாக்களும் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் தாம் செய்த பரிசோதனையொன்றை வெளியிட்டனர். ஆரோக்கியமான முரசுடைய 12 பேர், அவர்களுட் பெரும்பாலோர் பல் வைத்திய மாணவர், பல் துலக்குவதை நிறுத்தினர். 10 முதல் 21 நாட்களுள் அனைவருக்கும் முரசழற்சி தோன்றியது. அவர்கள் மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அது மறைந்தது. படலமே காரணம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. ஆனால் ஒரு வினா எஞ்சியது. மூன்று வாரமன்றி, வாழ்நாள் முழுவதும் துலக்காவிடின் யாது நிகழும்? அதனை அறிய எந்த மாணவனையும் தூரிகையின்றி இருக்குமாறு கேட்கவியலாது. ஏற்கெனவே தூரிகையின்றி வாழும் மக்களையே தேடவேண்டும்.

அம்மக்கள் இலங்கையில் இருந்தனர். 1969 இல் ஒஸ்லோவின் மாணவரும் கல்வியாளருமான ஆடவர் 565 பேர் பரிசோதிக்கப்பட்டனர். சிறுவயது முதலே ஒழுங்கான பற்சிகிச்சை பெற்றவர்கள் அவர்கள். 1970 இல் மலையகத்துத் தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளரான ஆடவர் 480 பேர் பரிசோதிக்கப்பட்டனர். தடுப்போ சிகிச்சையோ எக்காலத்தும் கிட்டாதவர்கள், பற்தூரிகையை அறியாதவர்கள் என அவ்வாய்வு அவர்களை வருணிக்கின்றது. பதினைந்து ஆண்டுகளில் அவர்களது வாய்கள் மீண்டும் மீண்டும் அளக்கப்பட்டன. 1985 இல் இறுதியாக அளக்கப்பட்டபொழுது எஞ்சியோர் 161 பேர். 1986 இல் வெளிவந்த முடிவுகள் இன்றும் உலகின் பல் வைத்திய நூல்களில் எடுத்தாளப்படுகின்றன. அத்தொழிலாளரிற் சூத்தை ஏறக்குறைய இல்லை. முரசழற்சியோ அனைவருக்கும் இருந்தது. நூற்றுக்கு 8 பேரில் நோய் விரைந்து முன்னேறியது. 81 பேரில் மிதமாக முன்னேறியது. 11 பேரில் முரசழற்சிக்கு அப்பால் முன்னேறவில்லை. விரைந்து முன்னேறியோர் 35 வயதிற் சராசரியாக 12 பற்களையும், 40 வயதில் 20 பற்களையும், 45 வயதில் எல்லாப் பற்களையும் இழந்தனர். மிதமாக முன்னேறியோர் 45 வயதில் இழந்தவை சராசரி 7. நாற்பதை நெருங்கும் நோர்வேயினருக்குப் பல்லைப் பிணைக்கும் இழையத்தில் 1.5 மில்லிமீற்றருக்குச் சற்று அதிகமான இழப்பே நேர்ந்திருக்க, அதே வயதை நெருங்கும் தோட்டத் தொழிலாளருக்கு 4.5 மில்லிமீற்றர் இழப்பு நேர்ந்திருந்தது. 2010 இல், நாற்பது ஆண்டுகள் கழிந்தபின், அவர்களுள் 75 பேர் மீண்டும் தேடிக் காணப்பட்டுப் பரிசோதிக்கப்பட்டனர்.

மேற்கூறிய முதியவரின் பேரன் பேராதனையிற் கலைப்பீட மாணவன். விடுதியில் அவனுடைய அறைத்தோழன் பல் மருத்துவ பீடத்தைச் சேர்ந்தவன். ஒரு நாள் அத்தோழனின் பாடநூலில் வரைபடமொன்றையும், அதன் கீழ் ‘இலங்கைத் தேயிலைத் தொழிலாளர்’ எனும் பொருள்பட்ட ஆங்கிலச் சொற்களையும் பேரன் கண்டான். அவனுடைய தாத்தா ஆய்வு நடந்த தோட்டங்களைச் சேர்ந்தவரல்லர். ஆயினும் வயது ஒன்று, தொழில் ஒன்று, லயம் ஒன்று, கரித்தூள் ஒன்று. சரிந்து செல்லும் அக்கோட்டில் அவன் சாயத்தண்ணீரில் ஊறிய ரொட்டியையே கண்டான். அவ்வாய்வு ‘இயற்கை வரலாறு’ எனத் தலைப்பிடப்பட்டிருந்தது. சிகிச்சையின் குறுக்கீடின்றி நோய் தன்போக்கில் வளரும் விதம் என்பதே மருத்துவத்தில் அச்சொற்றொடரின் பொருள் எனத் தோழன் விளக்கினான். விளக்கம் சரியானதே. எனினும் வரலாற்றைப் பாடமாகக் கற்கும் அவனுக்கு ‘இயற்கை’ எனும் சொல்லைக் கடந்து செல்ல இயலவில்லை.

அந்தப் பதினைந்து ஆண்டுகள் எத்தகையன? 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்கள் அவர்கள். 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலட்சக்கணக்கானோர் கடல் கடந்து அனுப்பப்பட்ட காலம் அது. 1970களின் நடுப்பகுதியில் உணவுப் பஞ்சம் தோட்டங்களை வாட்டியது. 1977 இலும் 1983 இலும் வன்செயல்கள் நிகழ்ந்தன. நாட்டின் இலவச சுகாதார சேவைக்கு வெளியே, தோட்ட நிருவாகத்தின் சிறு மருந்தகத்தை நம்பியே நெடுங்காலம் வாழ்ந்தவர்கள் அவர்கள். தூரிகை இல்லாமை, வைத்தியர் இல்லாமை, விடுப்பு இல்லாமை, குரல் இல்லாமை ஆகிய இவற்றுள் எதுவும் மழையைப் போலவோ மலையைப் போலவோ இயற்கையாக அமைந்ததன்று. அதில் வரலாறு உண்டு, இயற்கை இல்லை.

ஆய்வாளர்மீது பழி சுமத்துதல் எளிது. அது முழு நியாயமாகாது. லயத்தைக் கட்டியவர் அவரல்லர். கூலியை வரையறுத்தவரும் அவரல்லர். அங்கிருந்த நிலையை அவர் கண்டனர், பொறுமையுடன் அளந்தனர். அவ்வளவைகளின் பயனாக, ஒழுங்காகத் துலக்கிக் காரை அகற்றிக்கொள்பவன் தன் பற்களை முதுமைவரை காக்கலாம் என்பதும், எல்லோருக்கும் நோய் ஒரே வேகத்தில் வளர்வதில்லை என்பதும் உலகுக்குத் தெளிவாயின. ஒஸ்லோவிலும் லண்டனிலும் இன்று ஒருவர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பற்சுத்தம் செய்துகொள்வாராயின், அப்பழக்கத்தின் பின்னாலுள்ள அறிவில் மலையகத்து வாய்களின் பங்கும் உண்டு. பெற்ற அறிவு கொடுத்தவரிடம் எவ்வளவு திரும்பி வந்தது என்பதே கேட்கத்தக்க கேள்வி.

இனி இரண்டாம் தலைமுறை. அம்முதியவரின் மகள், மாணவனின் தாய், முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொழுந்து பறித்தவள். அவள் கையிற் பற்தூரிகை இருந்தது. ஆனால் காரை அகற்றுதல் என ஒரு சிகிச்சை உண்டென்பதை அவள் அறிந்ததில்லை. பல் ஆடினால் நகரத்து ஆஸ்பத்திரிக்குச் சென்று பிடுங்கி வருவாள். அதற்கும் ஒரு நாட் பேரை இழக்கவேண்டும். பல் வைத்தியமென்றாற் பல் பிடுங்குதல் என்பதே அவளுடைய அகராதி. சிரிக்க நேரும்போதெல்லாம் சேலைத் தலைப்பு வாய்க்குச் செல்லும். ஐம்பத்திரண்டாவது வயதில் மகன் அவளைப் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றான். எஞ்சியிருந்த பதின்மூன்று பற்களுள் ஐந்தைக் காக்கவியலாது எனவும் எட்டைக் காக்கலாம் எனவும் கூறப்பட்டது. மேற்பார்வையாளரின் முன்னிலையில் இறுதியாண்டு மாணவியொருத்தி, சிங்களப் பெண், தான் கற்ற சிறு தமிழில் “அம்மா, நோகுதா?” எனக் கேட்டுக் கேட்டுக் காரையை அகற்றினாள். கிண்ணத்தில் வந்து விழுந்த கருநிறத் துணிக்கைகளைத் தாய் நெடுநேரம் பார்த்தாள். வெளியே வந்ததும் மகனிடம், “இந்த ஊத்தையத்தான் பல்லுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் தம்பி. இத எடுக்க ஒரு டாக்டர் இருக்காங்கன்னு ஒருத்தரும் சொல்லலையே” என்றாள். அக்கூற்றில் எவர்மீதும் கோபம் இருக்கவில்லை. கோபம் இல்லாமையே கேட்டவனை வருத்தியது.

பின்னர் அவளுக்குப் பகுதிப் பொய்ப்பல் பொருத்தப்பட்டது. தாடையின் அச்சு எடுக்கப்பட்டுச் சாந்தில் வார்க்கப்படும். கடியின் அளவு மெழுகிற் குறிக்கப்படும். அதன்படி முரசின் நிறமுடைய அக்கிரிலிக்குத் தட்டிற் செயற்கைப் பற்கள் பதிக்கப்படும். பலமுறை வந்துபோக வேண்டிய வேலை இது. சில மாதங்களின் பின் அவள் வறுத்த கடலையைக் கடித்துண்டாள். சேலைத் தலைப்பும் தோளிலேயே தங்கிற்று. சீரமைப்புச் சிகிச்சையின் பெருமை இதுவே. ஆயினும் அதன் எல்லையையும் கூறுதல் வேண்டும். பொய்ப்பல்லால் இயற்கைப் பல்லின் கடிவலிமையில் ஒரு சிறு பகுதியையே தரமுடியும். பல் இழந்த இடத்தில் எலும்பு காலப்போக்கிற் குறுகுவதால், பொருந்திய பொய்ப்பல்லும் பின்னர் தளரும். இக்குறையை நீக்கவே தாடையெலும்பில் தைத்தேனியத் திருகைப் பதித்து அதன்மேற் பல்லைப் பொருத்தும் முறை எழுந்தது. சுவீடன் நாட்டவரான பெர்-இங்வார் பிரோனெமார்க் 1965 இல் முதன்முதலாக நோயாளி ஒருவருக்கு அதனைச் செய்தார். எலும்பு தைத்தேனியத்துடன் இறுகப் பிணைந்துகொள்ளும் என்ற கண்டுபிடிப்பே அதன் அடிப்படை. வியத்தகு முறையே, ஆனால் அதன் செலவு கொழுந்துக் கூடையின் நிறைக்கு எட்டாதது. முப்பது ஆண்டுகளுக்கு முன் சுரண்டி எடுத்திருக்கவேண்டிய காரைக்கு இத்தனை உயர்ந்த மாற்றீடு தேவைப்படுகின்றது என்பதே சிந்திக்கத்தக்கது.

அவ்வைத்தியசாலையில் அவளுடைய பற்கள் மாத்திரமன்றி, கன்னத்தின் உட்புறமும் நாவின் அடியும் ஒளி பாய்ச்சிப் பார்க்கப்பட்டன. வெற்றிலை போடும் வழக்கமே காரணம். புகையிலை கலந்த வெற்றிலை புற்றுநோயை விளைவிக்கும் என்பது 1980களிலேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகத்தால் ஏற்கப்பட்டது. புகையிலை இல்லாவிடினும் பாக்கே புற்றுநோய்க் காரணி என்பதை அம்முகவரகம் 2004 இல் வெளியிட்டது. இலங்கை ஆண்களிடையே வாய்ப் புற்றுநோய் முன்னணியில் நிற்கும் ஒன்று. வாயினுள் ஆறாத புண், வெண்திட்டு, செந்திட்டு, வாயைத் திறப்பதில் இறுக்கம் ஆகியன முன்னறிகுறிகள். அவற்றைக் காலத்தே காண்பதற்கு விலையுயர்ந்த பொறி எதுவும் வேண்டுவதில்லை. பயின்ற கண்ணும் சிறு ஆடியும் போதும். இதுவும் தடுப்புச் சிகிச்சையே. பல்லையன்றி உயிரையே காக்கும் தடுப்பு.

மூன்றாம் தலைமுறையில் நோயே மாறிவிட்டது. மாணவனின் தங்கை பத்தொன்பது வயதினள். அவள் காலையும் மாலையும் பற்பசையிட்டுத் துலக்குபவள். ஆனால் தாத்தாவின் காலத்திற் சீனி பங்கீட்டுப் பொருள்; இவளுடைய காலத்திலோ லயத்துக் கடையிலேயே இனிப்பும் விசுக்கோத்தும் சீனிப்பானமும் தொங்குகின்றன. வாயிலுள்ள பற்றீரியாக்கள் சீனியை அமிலமாக்குகின்றன. அமிலம் மிளிரியிலுள்ள கனியுப்பைக் கரைக்கின்றது. உமிழ்நீர் ஓரளவு அதனை மீளப் படியவைக்கின்றது. ஒரு நாளிற் பலமுறை இனிப்பை உண்டால் உமிழ்நீருக்கு அவகாசம் கிட்டாது. கரைதலே மேலோங்கிக் குழி விழும். புளோரைட்டுக் கலந்த பற்பசை கனியுப்பு மீளப் படிவதற்குத் துணைபுரிவதால் இப்போராட்டத்திற் பல்லின் பக்கம் நிற்கின்றது. அவளுக்குச் சூத்தை விழுந்தது மேற்றாடையின் முன்பற்கள் இரண்டின் நடுவே. வலி இல்லை, கபிலநிறக் கறையொன்றே இருந்தது. பாடசாலைப் படங்கள் அனைத்திலும் அவள் உதடுகள் மூடியே இருக்கின்றன. பாலர் பாடசாலை ஆசிரியைப் பதவிக்கான நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தபொழுது, “வாயத் தொறந்தா பிள்ளைங்க பயப்படும்” எனக் கூறிப் போகாதிருக்க எண்ணினாள்.

அவளுக்குச் செய்யப்பட்ட சிகிச்சை ஒரே அமர்வில் முடிந்தது. சூத்தை அகற்றப்பட்டது, மிளிரியின் ஓரம் பொசுபோரிக்கமிலத்தாற் சில கணங்கள் அரிக்கப்பட்டது, பல்லின் நிறமுடைய பசை நிரப்பப்பட்டு நீல ஒளியில் இறுக்கப்பட்டது. இம்முறையின் மூலம் 1955 ஆம் ஆண்டிலுள்ளது. அமெரிக்கரான மைக்கேல் புவோனகோர், அமிலத்தால் மிளிரியில் நுண்ணிய துளைகளை உண்டாக்கினால் அத்துளைகளிற் செயற்கைப் பசை புகுந்து இறுகப் பற்றும் என அவ்வாண்டில் எடுத்துக்காட்டினார். இவ்வொரு கண்டுபிடிப்பிலிருந்து மூவகைச் சிகிச்சையும் கிளைத்தன. பிள்ளைகளின் கடைவாய்ப் பல்லின் ஆழ்ந்த வரிகளைச் சூத்தை விழுமுன் மூடிவிடும் பூச்சு தடுப்புச் சிகிச்சை. குழியை நிரப்புதல் சீரமைப்பு. முன்பல்லின் முகத்தில் மெல்லிய பீங்கான் ஓட்டை ஒட்டுதல் அழகுச் சிகிச்சை. 1930களில் ஹொலிவூட் நடிகரின் பற்களிற் படப்பிடிப்பு முடியும்வரை மாத்திரம் ஒட்டி எடுக்கப்பட்ட ஓடுகள், புவோனகோரின் வழியினாலேயே பின்னாளில் நிலைத்த சிகிச்சையாயின.

தங்கைக்குச் செய்யப்பட்டது சீரமைப்பா, அழகுச் சிகிச்சையா? இரண்டையும் பிரிக்கும் கோடு நாம் எண்ணுமளவு திடமானதன்று. அழகுச் சிகிச்சையைச் செல்வரின் ஆடம்பரம் எனத் தள்ளிவிடுவது கற்றோரின் வழக்கம். இயற்கையான பல்லை ஐதரசன் பரவொட்சைட்டால் மேன்மேலும் வெளுக்கச் செய்தலும், நோயற்ற பல்லை அராவி ஓடு பொருத்துதலும் அவ்விமரிசனத்துக்கு உரியனவே. அராவிய மிளிரி மீள வளர்வதில்லை. ஆனால் உலர் வலயத்தைக் கருதுக. அநுராதபுரம், பொலனறுவை, வவுனியா ஆகிய பகுதிகளிற் கிணற்று நீர் பலவற்றில், உலக சுகாதார நிறுவனம் வரையறுத்த லீற்றருக்கு 1.5 மில்லிகிராமை விஞ்சிய புளோரைட்டு உள்ளது. அந்நீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பற்கள் கபிலநிறத் திட்டுக்களுடன் முளைக்கின்றன. அளவாயிற் பல்லைக் காக்கும் பொருளே அளவு மீறின் பல்லைக் கெடுக்கின்றது. அவ்விளைஞர் தம் முறுவலை மீட்க விரும்புவது ஆடம்பரமன்று. வாயை மூடிக்கொண்டு வாழ்பவன் சமூகத்தினின்று சற்று ஒதுங்கியே வாழ்கின்றான். தங்கை நேர்முகப் பரீட்சைக்குச் சென்றாள். இன்று பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கின்றாள்.

மூன்று தலைமுறைகளையும் ஒருங்கே நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். தாத்தாவுக்கு மூன்று சிகிச்சைகளுள் ஒன்றேனும் கிட்டவில்லை. தாய்க்குச் சீரமைப்புக் கிட்டியது. தடுப்பு காலங்கடந்து வந்தது. தங்கைக்கு மூன்றும் எட்டும் தூரத்தில் உள்ளன. ஆயினும் அண்ணன் பேராதனைக்கு வந்திராவிடின் அவளும் வழியறிந்திருக்கமாட்டாள். ஒரு பிள்ளை பல்கலைக்கழகம் புகுந்தால் மாத்திரமே ஒரு குடும்பத்தின் பற்கள் காக்கப்படும் என்பது எவ்வகையில் நியாயம்? மூன்றனுள்ளும் விலை குறைந்தது தடுப்பே. பயன் மிகுந்ததும் அதுவே. எனினும் அதுவே மிகக் குறைவாக மக்களைச் சென்றடைகின்றது. இழந்த பல்லைக் கட்டுபவனை உலகம் கண்டு வியக்கின்றது. விழாத பல்லைக் காத்தவனைக் காண்பதற்கு அங்கு எதுவும் இல்லை.

வழிகள் அறியப்படாதனவல்ல. நியூசிலாந்து 1921 இலேயே பாடசாலைப் பிள்ளைகளின் பற்களைப் பேணும் தாதியரைப் பயிற்றத் தொடங்கியது. அந்நாட்டின் துணையுடன், கொழும்புத் திட்டத்தின் வழியே, 1950களில் இலங்கையும் மகரகமவில் அத்தகைய பயிற்சியை ஏற்படுத்தியது. பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்கள் இன்றும் இயங்குகின்றன. 2021 இல் உலக சுகாதார நிறுவனம் புளோரைட்டுப் பற்பசையை அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது. அஃது அழகுப் பொருளன்று, மருந்து என்பதே அதன் பொருள். வேண்டுவன மலையேறிச் செல்லும் சேவையும், மக்கள் மொழியிற் கூறும் சொல்லுமாகும். “ஒருத்தரும் சொல்லலையே” என்ற தாயின் கூற்றுக்கு மருந்து மருத்துவ பீடத்திடம் மாத்திரம் இல்லை. முரசில் இரத்தம் கசிதல் நோய், காரையை அகற்றலாம், அகற்றினாற் பல் நிலைக்கும் என்னும் மூன்று வாக்கியங்களைத் தோட்டத்து மக்களுக்கு விளங்கும் தமிழில் எழுதவும் பேசவும் வல்லவர் கலைப்பீடத்திலும் உளர். தமிழ்ச் சங்கங்கள் முத்தமிழ் விழாவெடுக்கும் அதே உழைப்பில் ஒரு பங்கு இதற்கும் உரியது.

மலையகம் உலகின் பல் வைத்தியத்துக்கு அளித்தது 480 பேரின் வாய்களை. அக்கடன் பாராட்டுரைகளால் தீர்வதன்று. தோட்டப் பாடசாலையின் நீர்க்குழாயருகே பிள்ளைகள் வரிசையாக நின்று பற்பசையிட்டுத் துலக்கும் காலை வழக்கமாதல் வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை அவர்களின் தாய் தந்தையர் ஒரு நாட் பேரை இழக்காமற் காரை அகற்றிக்கொள்ளல் வேண்டும். அந்நாளில் ‘இயற்கை வரலாறு’ எனும் அவ்வாய்வை மீண்டும் நடத்த விரும்புபவருக்கு அம்மலைகளில் ஆட்கள் கிடைக்கமாட்டார்கள். அவர்கள் கிடைக்காமற்போவதே அக்கடன் தீர்ந்தது என்பதற்குச் சான்றாகும்.